கேலிக்குப் பயந்தவளின் மடல்

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாருக்கும், மத்தளக்காரருக்கும், பிற்பாட்டுப் பாடுகிறவர்களுக்கும்,



உங்களில் எவருக்கும் என்னை ஞாபகம் இருக்காது. கூத்துப் பழக்கம் நடக்கிற வளவில், ஓலைத்தட்டியின் ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்ற பெட்டைகளில் நான் ஒருத்தி. தீவில் ஒரு கரையோரக் கிராமம். பெயர் வேண்டாம், சொன்னால் எந்த அண்ணாவியார், எந்த வருடம் என்று நீங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். மூவிராசாக்கள் கூத்துப் போட்ட வருடம் என் பெரியண்ணன் மூன்று இராசாக்களில் ஒருவனாக வந்தான். அவனுக்குப் பாட்டு மனதில் நிற்காது. வீட்டில் கொப்பியை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது நான். அரங்கேற்ற இரவில் அவன் அடி மறந்து விழித்தபோது, தட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்ததும் நான்தான். ஏரோதுவின் பாட்டுக்கூட எனக்கு இன்றைக்கும் முழுப்பாடம். ஆனால் களரியில் கால் வைத்ததில்லை. பெண்பிள்ளை ஆடக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. வள்ளத்தில் ஏறித் தொழிலுக்குப் போகாதே என்று எந்தத் தாயாவது மகளுக்குச் சொன்னதுண்டா? அதைப் போலத்தான் இதுவும்.

போன ஐப்பசியில், 52 வயதில், முதன்முதலாக ஆடினேன். ஊரில் இல்லை, கிளாஸ்கோவில், ஒரு கோவில் மண்டபத்தில், ஸ்கொட்லாந்துக்காரரின் கூட்டாட்டம். அன்றிரவு தொடங்கி மனதுக்குள் உங்களோடு கதைத்துக்கொண்டே இருக்கிறேன். கதைக்கிறதை எழுதினால் என்ன என்று மகள் கேட்டாள். எழுதுகிறேன்.

மகளோடு வேலைசெய்யும் பிள்ளைக்குக் கலியாணம். அழைப்பிதழின் அடியில், சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் என்பதற்கு ஒரு சொல் போட்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் என்னவோ மாதிரி வரும். வாயால் சொன்னால் கேலி. சரியாகச் சொன்னால், கொஞ்சம் இழுத்து, கேய்லி. ஒரு வீட்டில் நாலு பேர் கூடிக் கதைத்துப் பாடிப் பொழுது போக்குவதற்கு அந்த நாட்டு மலையகத்தார் வைத்த பெயராம். இப்போது ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது. எனக்கு அந்தச் சொல் கேட்டவுடனே பொருத்தமாகப் பட்டது. இந்த வயதில் ஆடப் போனால் வேறென்ன கிடைக்கும்?

"அம்மா, அங்கே கதிரையில் சும்மா இருக்க விடமாட்டாங்கள். ஒரு வகுப்புக்குப் போய்ப் பார்த்திட்டு வருவம்" என்றாள் மகள்.

அந்த மாதத்தில் அங்கே நேரத்தோடு இருட்டிவிடும். குளிருக்குள் நடந்து போய்க் கதவைத் திறந்தால், உள்ளே இருபது இருபத்தைந்து பேர். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஆடத் தெரியாதவள் நிலம் கோணல் என்றாளாம் என்று நாங்கள் சொல்லுவோமே. அந்த மண்டபத்துப் பலகை நிலம் உண்மையாகவே கோணல், ஒரு பக்கம் சரிவு. அப்பாடா, சாட்டுக்கு ஒன்று கிடைத்தது என்று நினைத்தேன். பழகினவர்கள் மெல்லிய தோல் சப்பாத்துப் போட்டு, கணுக்காலைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அந்தச் சப்பாத்துக்குப் பெயர் கில்லி. ஆடப்போவது கேலி, காலில் கில்லி. தமிழர் சிரிக்காமல் பழகக் கூடிய காரியமில்லை. நானும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நின்றுகொண்டோம்.

சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. குரல் உங்கள் குரல்தான், அண்ணாவிமாரே. பாதி அதட்டல், பாதி அன்பு. நாலு சோடி ஓர் அணி. இரண்டு வரிசையாக, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக, முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். வாத்தியக்காரர் இருக்கிற பக்கம் தலைமாடு, மற்றது கால்மாடு. அன்றைக்கு ஆண்கள் போதவில்லை. எப்போதுமே போதாதாம். அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஒரு பட்டுப் பட்டியை எடுத்துத் தோளுக்குக் குறுக்கே போட்டார், "நீ இன்றைக்கு ஆண்" என்று சொல்லி ஆண்கள் வரிசையில் நிறுத்திவிட்டார்.

தோளில் பட்டி ஏறினதும் எனக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களூர்க் கூத்தில் ஞானசவுந்தரியாக, சேலை உடுத்து, பொட்டு வைத்து, ஆண்பிள்ளை ஒருவன் வருவான். மீசை மழித்த இடம் மாவுக்கு மேலாலும் பச்சையாகத் தெரியும். அதைச் சரியென்று பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நாங்கள். இங்கே ஆள் பற்றாக்குறை என்று என்னை ஆணாக்கினார்கள், ஒருவரும் இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது நாற்பது வருடமாக நான் பெரிய மதில் என்று நினைத்தது ஒரு முழப் பட்டித்துணியின் உயரம்தான்.

முதலில் பாட்டில்லாமல் நடந்து பார்ப்பது. யார் எந்தப் பக்கம் போவது, எந்தக் கையைக் கொடுப்பது, எங்கே திரும்புவது என்று மெதுவாக, பேசிப் பேசி. பிறகு கால். ஒரு துள்ளல், ஓர் அடி, பின்னங்கால் வந்து ஒட்டும், மறுபடி ஓர் அடி. சொல்லும்போது லேசு. எங்களுக்கு நிலத்தை மிதித்துத்தான் பழக்கம். மிதித்தால் நிலம் பதில் சொல்ல வேண்டும், சதங்கை அதற்கு மேல் பேச வேண்டும். அவர்களுடையது நிலத்தைத் தொட்டும் தொடாமலும் போகிற கால். நான் மிதித்த மிதியில் பக்கத்தில் நின்ற பெண் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தாள்.

பிறகு அக்கோடியனும் வயலினும் எடுத்தன. முதல் சுருதியில் சோடிக்குத் தலைவணங்க வேண்டும். பெண்கள் முழங்காலை மடித்து வணங்குவார்கள். அதற்குப் பிறகு எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு போகிற கணக்கு. எட்டுத் தாளக்கட்டுக்கு ஒரு கோலம். நாலு கோலம் சேர்ந்து 32. அந்த 32 எட்டுத் தரம் திரும்பி வந்தால் ஆட்டம் முடிந்தது. தலைமாட்டில் நிற்கிற சோடிதான் ஆட்டத்தை நடத்தும். ஒரு சுற்று முடியும்போது அது ஓரிடம் கீழே இறங்கும், இரண்டாவது சுற்றுக்குப் பிறகு கால்மாட்டுக்குப் போய்விடும். அடுத்த சோடி தலைக்கு வரும். ஆட்டம் முடியும்போது நாலு சோடியும் ஆளுக்கு இரண்டு தரம் நடத்தியிருக்கும். நடத்தாத ஆள் இல்லை, எப்போதும் நடத்தின ஆளும் இல்லை. இராசா பார்ட்டு யாருக்கு என்று எங்கள் ஊரில் இரண்டு குடும்பம் ஒரு வருடம் கதைக்காமல் இருந்தது. அந்தக் கதையை நான் அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

நான் பிழைவிட்டேன். ஒன்றல்ல, எண்ணவில்லை. இடப்பக்கம் சுற்ற வேண்டிய இடத்தில் வலப்பக்கம் சுற்றி ஒரு பெரிய மனுசனின் நெஞ்சில் மோதினேன். அவர் என்னைத் தோளில் பிடித்துத் திருப்பி, ஒரு சொல் பேசாமல், கண்ணால் இடத்தைக் காட்டினார். நான் போய் நிற்பதற்கும் அடுத்த எட்டுத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. பின்னல் கோலாட்டத்தில் ஒருத்தி பிழைவிட்டால் அது கயிற்றில் ஏறிவிடும். கடைசியில் அவிழ்க்கும்போது ஊருக்கே தெரியும். இந்த ஆட்டத்தில் பிழை காற்றில் போய்விடுகிறது. அடுத்த எட்டில் சரியான இடத்தில் நின்றால் போதும், முன்னைய எட்டைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். பயந்து போன கேலி வரவேயில்லை. சிரித்தார்கள், ஆனால் அது நானும் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

இடைவேளையில் தேத்தண்ணியும் வெண்ணெய் பிஸ்கட்டும். நான் மோதின மனுசன் பக்கத்தில் வந்து இருந்தார். எந்த ஊர் என்றார். சிலோன் என்றேன், அந்த வயதுக்காரருக்கு அப்படிச் சொன்னால்தான் விளங்கும். அவருடைய பாட்டனின் தம்பி அங்கே தோட்டத்துரையாக இருந்தாராம். பெருமையாகத்தான் சொன்னார். சொல்வதற்கு நியாயமும் உண்டு. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை வைத்துத் தொழிலாக்கிய ஜேம்ஸ் டெய்லரே ஸ்கொட்லாந்துக்காரர்தான். நான் பிஸ்கட்டை வைத்துவிட்டு, அதற்கு முந்தின கோப்பிக் காலத்தைச் சொன்னேன். தோட்டத்துக்கென்று வந்தவர்கள் இராமேசுவரப் பக்கத்திலிருந்து வள்ளம் ஏறி எங்கள் கரையில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடை. வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பாதை எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "யாரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை" என்றார். அதற்குள் அந்த அம்மா கைதட்டிக் கூப்பிட, அதே அணியில், அவர் எனக்கு இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்டால், எட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி உங்களோடு கதைக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆட்டம் தானாகத் தப்பிப் பிழைத்து வந்ததில்லை. முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு புதுப் புது மண்டப ஆட்டங்கள் வந்து இதை மூடத் தொடங்க, 1923இல் கிளாஸ்கோவில் இரண்டு பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒருவர் ஜீன் மில்லிகன், உடற்பயிற்சி ஆசிரியை. மற்றவர் இசபெல் ஸ்டுவர்ட். கிராமத்துக் கிழடுகளிடம் கேட்டும், பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தும், எந்தக் கால் எந்தத் தாளத்தில் எங்கே போகும் என்று எழுதி அச்சடித்தார்கள். அதில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பெருவிரல் நீட்டுகிற கோணத்துக்குக்கூடச் சட்டம் வைத்து, கிராமத்து ஆட்டத்தைப் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆக்கிவிட்டார்கள். என்றாலும் இன்றைக்கு டோக்கியோவிலும் ரொறன்ரோவிலும் முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒரு மண்டபத்தில் சேர்ந்து அதே ஆட்டத்தை ஆட முடியும்.

எங்களுக்கும் ஒருவர் இருந்தார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பக்கத்து ஏடுகளைப் பதிப்பித்தார். எண்டிறீக்கு எம்பரதோரும், மூவிராசாக்களும், ஞானசவுந்தரியும் புத்தகமாகின. அதே காலத்தில் பேராதனையில் கர்ணன் போரும் இராவணேசனும் போட்டு, படித்தவர்களைக் கூத்துப் பார்க்க வைத்தவரும் அவர்தான். அந்த உபகாரம் சின்னதல்ல. ஆனால் எங்கள் புத்தகங்களில் ஏறியது பாட்டு. கால் உங்களோடேயே நின்றுவிட்டது. ஏடு செல்லரித்தாலும் அச்சில் இருக்கிறது. வரவுக்கு எப்படி அடி வைப்பது, எந்த இடத்தில் திரும்புவது, பிற்பாட்டு எடுக்கும்போது எப்படி நிற்பது என்பதெல்லாம் உங்கள் முழங்காலில் இருக்கிறது. உங்கள் முழங்கால்களுக்கு என்ன வயது என்று நான் கேட்கப் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் பாட்டுத்தான் பெரிசு, மட்டக்களப்பு வடமோடிக்காரரைப் போல நாங்கள் சுழன்று ஆடுகிறவர்களில்லை என்பீர்கள். தெரியும். குறைவாக இருக்கிறதுதான் முதலில் தொலையும். இன்னொன்றும் சொல்வீர்கள்: கூத்து விளையாட்டல்ல, நேர்த்தி, அந்தோனியாருக்கோ செபஸ்தியாருக்கோ வைத்த நேர்த்திக்கு, செபம் சொல்லித் தொடங்கி ஆடுகிறது, அதை வெள்ளைக்காரன் கலியாண வீட்டுக் குதிப்போடு சேர்க்காதே என்று. அதற்கு என்னிடம் மறுப்பில்லை. அரங்கேற்றத்தில் நான் கை வைக்க வரவில்லை. அது உங்களுடையது, இருந்தபடியே இருக்கட்டும்.

வெள்ளைக்காரன் என்றதற்கு மட்டும் ஒரு சொல். எம்பரதோர் என்றால் பேரரசன்; அந்தச் சொல் கப்பலில் வந்து எங்கள் கரையில் இறங்கியது. அதற்கு நாங்கள் மத்தளம் போட்டு, விருத்தம் வைத்து, எங்களுடைய பிள்ளையாக்கிவிட்டோம். மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியர் தங்கள் கலியாணங்களில் லான்சர்ஸ் என்று நாலு சோடி சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள், வயலின் வைத்து. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆட்டத்துக்குக் கடவுச்சீட்டுக் கேட்கிறவர்கள் நாங்கள் அல்ல.

எனக்குக் கவலை வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு திருநாள் இரவில் கூத்துப் பார்த்தேன். உயரமான மேடை, ஒலிவாங்கி, முன்னால் ஐந்நூறு பிளாஸ்டிக் கதிரை. ஆட்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பதினொன்றரைக்கு முன்வரிசை எழும்பிப் போய்விட்டது. இருந்த பெடியள் அடி பிழைத்தவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவன் அடுத்த வருடம் வருவானா? பார்க்கிறவன் ஒரு தரமாவது ஆடியிருந்தால் ஊளையிடமாட்டான். அந்த அடி எவ்வளவு கஷ்டம் என்று அவனுடைய காலுக்குத் தெரிந்திருக்கும். எல்லாரும் கொஞ்சம் ஆடத் தெரிந்த ஊரில்தான் நன்றாக ஆடுகிறவனுக்கு மரியாதை கிடைக்கும்.

கிளாஸ்கோவில், இரண்டாவது வகுப்பில் ஒரு ஆட்டம் பழக்கினார்கள். 1940 ஆனியில் பிரான்சின் கரையில் ஒரு ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவு, 51ஆவது, ஜெர்மன்காரரிடம் சரணடைந்தது. பிடிபட்ட அதிகாரிகளை பவேரியாவில் லாவுபென் என்ற ஊரின் பழைய கோட்டையில் அடைத்தார்கள். அங்கே ஒருவர் தங்கள் படைப்பிரிவின் பெயரால் ஒரு ஆட்டம் கட்டினார். நடுவில் ஆடுகிறவர்கள் கைகோத்துக் குறுக்குக் கோடாக நிற்பார்கள், பிறகு மறு குறுக்காக. சேர்த்துப் பார்த்தால் அந்திரேயாவின் சிலுவை, அவர்களுடைய கொடி. பசியோடு, பெண்களில்லாமல், ஆண்களே இரண்டு வரிசையிலும் நின்று ஆடிப் பழகிய ஆட்டம். இப்போது அது கலியாண வீடுகளில் சிரித்துச் சிரித்து ஆடப்படுகிறது.

கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு 1990 வந்தது. மடுக் கோவில் வளவில் நாங்கள் கூடாரத்தில் இருந்த நாட்கள். பேசாலையிலும் மடுவிலும் ஐ.நா. அகதிகள் அமைப்பு நிலையங்கள் திறந்து ஊர் ஊராக ஆட்கள் வந்து நிறைந்த காலம். ஒரு மழை இரவில், எங்கள் வரிசையில் இருந்த ஒரு கிழவர், பால்மாப் பேணியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டு எண்டிறீக்கு பாடினார். இரண்டு மூன்று பேர் பிற்பாட்டு எடுத்தார்கள். இருட்டு, யார் பாடுகிறது என்று தெரியாது. அதனால் நானும் எடுத்தேன், வாய்விட்டு. ஒரு பெண்குரல் என்று கண்டுபிடித்து யாரும் நிறுத்தவில்லை. அந்தக் கிழவர் உங்களில் ஒருவருடைய குருவாகவும் இருக்கலாம்.

அதே வருடம் ஐப்பசியில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் எங்கள் முஸ்லிம் அயலவர்களைத் துரத்தினார்கள். திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் இன்றைக்கு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரே முற்றத்தில் நிற்பதில்லை. கிழக்கில் முஸ்லிம்கள் களிகம்பு என்று ஆடுவது எங்கள் கோலாட்டத்துக்கு உடன்பிறப்பு. ஒரு சோடி கம்புக்கு எந்தக் கோவிலிலும் பள்ளியிலும் தடை இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஓர் இரவு. மேடை வேண்டாம், உடுப்பு வேண்டாம், கதிரையை அடுக்கி மூலையில் வைத்துவிடுங்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆட வேண்டும். பார்க்க மட்டும் என்று யாரும் வரக் கூடாது. கும்மியில் தொடங்குங்கள், அது பெண்களின் காலில் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு கோலாட்டம். மூன்றாவதாக, மூவிராசாக்களில் இருந்து ஒரே ஒரு வரவு. முதலில் பாட்டில்லாமல் நடந்து பார்க்க விடுங்கள், பிறகு தாளம், பிறகு மத்தளம். இராசா பார்ட்டைச் சுற்றுக்கு விடுங்கள், ஆளுக்கு நாலு அடி. மருமகள்மார் வரட்டும், வங்காலையில் கலியாணம் கட்டிப் போனவர்கள் வரட்டும், கால் இழுத்து நடக்கிறவர் தாளம் போடட்டும். பிழைவிட்டவரைக் கண்ணால் திருப்பிவிட வேண்டும், வாயால் அல்ல. அந்தச் சட்டம் ஒன்றை மட்டும் நான் கிளாஸ்கோவிலிருந்து கொண்டுவருகிறேன்.

கலியாண இரவு எப்படிப் போனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நாலு ஆட்டம் ஆடினேன். வில்லோ மரத்துப் பட்டையை உரிப்பது என்று பெயர் உள்ள ஒன்று: வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரையும் ஒரு கையால் சுற்றி, நடுவில் தன் சோடியை மறு கையால் சுற்றி, அப்படியே கால்மாடு வரை போக வேண்டும். சேலை உடுத்திருந்தேன், கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். கடைசி ஆளிடம் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கிழக்கு மேற்குத் தெரியவில்லை. மகள் கதிரையில் இருந்தாள்.

தையில் ஊருக்கு வருகிறேன். அக்காவின் வீட்டு முற்றத்தில் மணல் பரப்பி, பனைக்கும் முருங்கைக்கும் இடையில் ஒரு வெளிச்சம் கட்டச் சொல்லியிருக்கிறேன். மூவிராசாக்கள் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை, பின்நேரம் ஆறு மணி. அக்கா வருவாள், அவளுடைய மருமகள் வருவாள், பக்கத்து வளவுப் பெட்டைகள் ஆறு பேர் சொல்லியிருக்கிறார்கள். பெரியண்ணன் முழங்கால் நோவோடு வருவான்; இந்த முறை கொப்பி அவன் கையில் இருக்கும். மத்தளம் மட்டும் உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தட்டிக்குப் பின்னால் நின்றவள்